பூனை கீறிய கண்ணுக்கு எந்தச் சொட்டு?

மலேசியா, பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களைப் பிரித்தால் ஆளுக்கொரு பிராணி: பூனை, நாய், சேவல். கேள்வி மட்டும் ஒன்றே: "எந்தச் சொட்டு போடலாம்?" அதற்கு முன் நாங்கள் கேட்பது வேறு. கண்ணில் பட்டது நகமா, பல்லா, அலகா, வாலா? இப்போது பார்வை எப்படி? இவை தெரியாமல் சொட்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

கேள்வி: எங்கள் பூனைக்குட்டி 6 வயது மகளின் கண்ணில் கீறிவிட்டது. கண் சிவந்து தண்ணீர் கொட்டியது. அரை மணி நேரத்தில் அழுகை நின்றுவிட்டது. ஆனால் வெளிச்சத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். மருந்துக் கடையில் சொட்டு வாங்கிப் போட்டால் போதுமா? கண்ணைப் பஞ்சு வைத்துக் கட்ட வேண்டுமா?
— வாசகி, லிந்தாங் சாலை

பதில்: சொட்டின் பெயரைக் கடைசியில் சொல்கிறோம், அம்மா. கண்ணுக்குள் என்ன நடந்திருக்கும் என்று முதலில் பார்ப்போம்.

கைக்கடிகாரத்தின் மேல் இருக்கும் கண்ணாடி மாதிரி, கண்ணின் முன்னால் இருப்பது கருவிழி. மொத்தக் கனமே அரை மில்லிமீட்டர்தான். அதன் மேல்தோல் அதிலும் பத்தில் ஒரு பங்கு. நரம்பு நுனிகள் அங்கே அவ்வளவு நெருக்கம். நகம் அந்த மேல்தோலைக் கொஞ்சம் உரித்தாலே மணல் விழுந்தது போல் உறுத்தும், தண்ணீர் கொட்டும், வெளிச்சம் கூசும். வெள்ளைப் பகுதியில் மட்டும் கீறியிருந்தால் வெளிச்சம் இந்த அளவுக்குக் கூசாது. ஆகவே கருவிழியில் கீறல் உண்டு என்று வைத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள். அழுகை நின்றதை நம்ப வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டால் வலி தணியும் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஒரு முறை நன்றாகப் பாருங்கள். இமையை விரித்துப் பிடிக்கும்போது விரல் எலும்பின் மேல் இருக்கட்டும், கண்ணின் மேல் அழுத்தக் கூடாது. நடுவில் உள்ள கறுப்புக் கண்மணி வட்டமாக இருக்கிறதா? மற்றக் கண்ணின் கண்மணி அளவிலேயே இருக்கிறதா? ஒரு பக்கம் இழுத்துக் கண்ணீர்த் துளி மாதிரி நீண்டிருந்தால் கண்ணில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று பொருள். அப்போது தண்ணீரும் ஊற்றக் கூடாது, சொட்டும் போடக் கூடாது. கீழே சேவல் கேள்விக்குச் சொல்லியிருப்பதைச் செய்யுங்கள். கருவிழி மேல் பழுப்பாகவோ கறுப்பாகவோ ஏதாவது பிதுங்கி நின்றாலும் அப்படியே.

பார்வையைச் சோதிக்கச் சுவரில் தொங்கும் நாள்காட்டி போதும். 3 மீட்டர் தள்ளி உட்கார வைத்து, நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடித் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். விரல்களால் மூடினால் இடுக்கு வழியே பார்த்துச் சொல்லிவிடுவாள். கண்ணீரால் மங்கலாகத் தெரிந்தால் நாலைந்து முறை சிமிட்டச் சொல்லுங்கள். அப்படியும் தெளியாவிட்டால் கிளினிக்கில் நேரத்தைப் போக்காமல் நேரே மருத்துவமனை.

கண்மணி வட்டமாக இருக்கிறது, தேதியும் தெரிகிறது என்றால் கழுவலாம். பிள்ளையைப் படுக்க வைத்து, அடிபட்ட கண் இருக்கும் பக்கமாகத் தலையைச் சாய்த்து, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக மெல்லிய தாரையாக 5 நிமிடம் ஊற்றுங்கள். எதிர்ப்பக்கமாக ஊற்றினால் அழுக்கு நல்ல கண்ணுக்குப் போய்விடும். மருந்துக் கடையில் 0.9 விழுக்காடு உப்புநீர் போத்தலில் கிடைக்கும். அது இல்லையென்றால் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், மூடி திறக்காத மினரல் வாட்டர், சுத்தமான குழாய்த் தண்ணீர், எதுவும் சரி. கொல்லையில் பிடித்து வைத்த மழைநீர், கிணற்று நீர் வேண்டாம். அவற்றில் கருவிழியை அரிக்கும் அமீபா இருக்கக் கூடும்.

வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 20 கிலோ பிள்ளைக்கு 300 மில்லிகிராம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கடையில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் இருக்கிறது, 250 மில்லிகிராம் உள்ள சிரப்பும் இருக்கிறது. முதலாவது என்றால் 12.5 மில்லிலிட்டர், இரண்டாவது என்றால் 6 மில்லிலிட்டர். போத்தலைப் படித்த பிறகு ஊற்றுங்கள். ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் 4 முதல் 6 மணி நேர இடைவெளி வேண்டும். ஒரு நாளைக்கு 4 வேளைக்கு மேல் வேண்டாம்.

அன்றே அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. ஃபுளோரசீன் என்ற ஆரஞ்சுச் சாயக் காகிதத்தை நனைத்துக் கண்ணில் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தால் மேல்தோல் உரிந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். கோடு எவ்வளவு நீளம், கண்மணியின் நேரே இருக்கிறதா என்பதெல்லாம் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். சாயம் போட்டுப் பார்த்தார்களா என்று நீங்களே கேட்கலாம், தவறில்லை. மேல் இமையையும் திருப்பிப் பார்க்க வேண்டும். பூனை முடியோ மணலோ அங்கே ஒட்டியிருந்தால் ஒவ்வொரு சிமிட்டலுக்கும் மேலிருந்து கீழாகப் புதுக் கீறல் விழுந்துகொண்டே இருக்கும்.

இப்போது சொட்டு. மேலோட்டமான கீறலுக்கு வழக்கமாகக் கொடுப்பது குளோராம்ஃபெனிகால். 0.5 விழுக்காட்டுச் சொட்டாகவோ 1 விழுக்காட்டுக் களிம்பாகவோ, நாளைக்கு 4 வேளை, 5 நாள் வரை. அது கீறலை ஆற்றுவதில்லை, ஆறும்வரை கிருமி நுழையாமல் காக்கிறது. ஆற்றுவது கருவிழியேதான். சிறிய கீறல் 1 முதல் 3 நாளில் மூடிக்கொள்ளும். ஒரு வேளைக்கு ஒரே ஒரு சொட்டு. கண்ணில் அதற்கு மேல் இடமில்லை, இரண்டாவது சொட்டு கன்னத்தில் வழிந்து போகும். சொட்டு, களிம்பு இரண்டும் கொடுத்திருந்தால் முதலில் சொட்டு, 5 நிமிடம் கழித்துக் களிம்பு.

மறுநாள் வலி முந்தைய நாளைவிடக் குறைந்திருக்க வேண்டும். கூடியிருந்தால், மஞ்சள் பீளை கட்டினால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், புண் பிடிக்கிறது என்று பொருள். கொடுத்த மருந்து தீரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கண்ணைப் பஞ்சு வைத்துக் கட்ட வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கட்டுவதால் சீக்கிரம் ஆறுவதில்லை என்று ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. நகத்தோடு வந்த கிருமிக்கு மூடிய கண் கதகதப்பான இடமாகவும் ஆகிவிடும். வெளிச்சம் கூசினால் கறுப்புக் கண்ணாடி போட்டுவிடுங்கள்.

கேள்வி: என் கணவரின் கண்ணில் நாய்க்குட்டியின் கால் பட்டுவிட்டது. மாமியார் தாய்ப்பால் விடச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழியச் சொல்கிறார். ஐஸ்பெட்டியில் போன வருடம் கொழுந்தனாருக்குக் கொடுத்த சொட்டு பாதி இருக்கிறது. எதைப் போடுவது?
— வாசகி, ஜாலோங்

பதில்: மூன்றுமே வேண்டாம். மூன்றிலும் மிக மோசமானது அந்தப் பாதிப் போத்தல்தான்.

மாமியாரோடு இதற்காகச் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. தோல் உரியாத கண்ணில் ஒரு சொட்டுத் தாய்ப்பால் பட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அதனால்தான் அந்த நம்பிக்கை நிலைத்திருக்கிறது. கீறல் விழுந்த கண் வேறு கதை. பாலில் சர்க்கரை இருக்கிறது, கிருமியும் இருக்கும். நந்தியாவட்டையைக் கிள்ளினால் வடியும் வெள்ளைப் பால் கண்ணை எரிக்கும். பூவிலும் இலையிலும் பூஞ்சை வித்துகள் ஒட்டியிருக்கும். கீறல் அவற்றுக்குத் திறந்த வாசல். வாயால் ஊதிச் சேலைத் தலைப்பைச் சூடாக்கி அழுத்தி ஒத்தடம் கொடுப்பதும் வேண்டாம்.

பாதிப் போத்தலுக்கு வருவோம். எந்தக் கண் சொட்டும் திறந்து 28 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அது சின்ன விஷயம். லேபிளை எடுத்துப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், ஃபுளோரோமெத்தோலோன், இவற்றில் ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்து ஒரே போத்தலிலும் வரும், அதனால் முன்பக்கப் பெயரை மட்டும் பார்த்தால் தெரியாது. ஸ்டீராய்டு போட்ட சில மணி நேரத்தில் சிவப்பு வடிந்து கண் அழகாகிவிடும். எல்லாரும் அதில்தான் ஏமாறுகிறார்கள். சிவப்பு என்பது உடம்பு கிருமியோடு போராடுகிற அடையாளம். போராட்டத்தை நிறுத்திவிட்டால் பூஞ்சையும் அக்கி வைரசும் தடையில்லாமல் உள்ளே இறங்கும். வாரக்கணக்கில் போட்டால் கண் அழுத்தமும் ஏறலாம்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். செம்பனை மட்டைக்கு நடுவே ஓடிவிட்டு வந்த நாய்க்குட்டியின் காலில் மண்ணும் மட்டைத் தூளும் ஒட்டியிருக்கும். அதனால் பட்ட கீறலைச் செடி குத்திய கீறலாகவே கருத வேண்டும். பூஞ்சைப் புண் மெதுவாகத்தான் வரும். நாலைந்து நாள் கழித்து, ஓரம் பஞ்சு போல் கலைந்த சாம்பல் வெள்ளைப் புள்ளியாகத் தெரியலாம். குளோராம்ஃபெனிகால் அதை ஒன்றும் செய்யாது. கிளினிக்கில், "நாய்க் காலில் மட்டைத் தூள் இருந்தது" என்று கணவரை வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பரிசோதிக்கும்போது மருத்துவர் போடும் மரப்புச் சொட்டில் வலி மாயமாய்ப் பறந்துவிடும். 15, 20 நிமிடத்தில் திரும்பி வரும். அந்தப் போத்தலை வீட்டுக்குக் கேட்காதீர்கள். அடிக்கடி போட்டால் மேல்தோல் வளரவே விடாது.

கேள்வி: நாய் துள்ளிக் குதித்ததில் அதன் தலை என் கண்ணில் இடித்தது. வலியே இல்லை. வெள்ளையில் மட்டும் ரத்தம் பூசியது போல் ஒரு திட்டு. கண்ணாடியில் பார்க்கவே பயமாக இருக்கிறது.
— வாசகர், சுங்கை சிப்புட் பட்டணம்

பதில்: பார்ப்பதற்குத்தான் பயங்கரம், ஐயா. வெள்ளை மேல் உள்ள மெல்லிய சவ்வுக்கு அடியில் ஒரு நுண்ணிய ரத்தக் குழாய் உடைந்திருக்கிறது. பார்வை தெளிவாக இருந்து, வலியும் இல்லையென்றால் மருந்து தேவையில்லை. சிவப்பு மஞ்சளாகி 1 முதல் 2 வாரத்தில் மறையும். முதல் இரண்டு நாள் திட்டு கொஞ்சம் பரவினால் திடுக்கிடாதீர்கள்.

ஆனால் ரத்தம் எங்கே இருக்கிறது என்பதில்தான் விஷயம். வெள்ளையில் இல்லாமல் கருவிழிக்குப் பின்னால், கிண்ணத்தில் தேங்கிய மாதிரி அடியில் சிவப்பு மட்டம் தெரிந்தால் அது வேறு நோய். அன்றே கண் மருத்துவப் பிரிவு. போகும்வரை தலையை உயர்த்தி உட்கார்ந்திருங்கள். ஆஸ்பிரின், இபுபுரோஃபென் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும். முதல் 5 நாளில் மறுபடி ரத்தம் கசியலாம், அழுத்தம் ஏறலாம். திட்டின் பின் விளிம்பு தெரியாமல் கண்ணுக்குப் பின்னால் போய்க்கொண்டே இருந்தாலும் காட்டிவிடுங்கள். மின்னல் போல் ஒளி வெட்டுவது, கறுப்புப் பொட்டுகள் திடீரென மிதப்பது, ஒரு பக்கத்திலிருந்து திரை விழுவது, இவற்றில் எது சில வாரம் கழித்து வந்தாலும் அந்த இடியோடு தொடர்பு இருக்கலாம். விழித்திரை கிழிந்திருக்கக் கூடும்.

கேள்வி: 4 வயதுப் பேரன் குந்தி உட்கார்ந்து கோழிக்குத் தீனி போட்டபோது சேவல் கண்ணில் கொத்திவிட்டது. ஒரு பொட்டு அளவுதான் காயம், ரத்தமும் இல்லை. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசரிடம் நாளைக்குக் காட்டலாமா?
— பாட்டி ஒருவர், தோட்டத்து லயன் வீட்டிலிருந்து

பதில்: நாளைக்கு வேண்டாம், அம்மா. இப்போதே. இதைப் படிக்கும் மற்றவர்களும் இந்த ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

பூனை நகம் பெரும்பாலும் பக்கவாட்டில் இழுத்துக் கீறும். அலகு நேராக உள்ளே குத்தும். உளி மாதிரி. அரை மில்லிமீட்டர்ச் சுவரைத் துளைக்கச் சேவலின் ஒரு கொத்து போதும். துளைத்த ஓட்டை சிறியதாக இருந்தால் தானே ஒட்டிக்கொண்டு, வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த அலகு அதற்கு முந்தின நிமிடம்தான் மண்ணையும் எருவையும் கிளறியிருக்கும். உள்ளே போன கிருமிக்குக் கண்ணின் உட்புறம் ரத்த ஓட்டமில்லாத ஒரு கிண்ணம், எதிர்க்க ஆளில்லை. ஓரிரு நாளில் கண்ணுக்குள்ளேயே சீழ் பிடித்துவிடலாம். அதற்கு அப்புறம் கண்ணுக்குள் ஊசி, அறுவை எல்லாம் செய்தும் பார்வை திரும்பாமல் போவது உண்டு. அரிதாக, பல வாரம் கழித்து அடிபடாத கண்ணும் வீங்கிப் பாதிக்கப்படலாம். பொட்டு அளவு என்ற சொல்லை நம்பியே பல கண்கள் போயிருக்கின்றன.

செய்ய வேண்டியது: தண்ணீர் ஊற்றாதீர்கள். சொட்டு வேண்டாம். களிம்பு வேண்டவே வேண்டாம், ஓட்டை வழியே உள்ளே போய்விடும். காகிதக் குவளை ஒன்றை எடுத்து அடிப்பாகத்தை 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டுங்கள். வெட்டிய விளிம்பு புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் உட்காரும்படி கண்ணுக்கு மேல் கவிழ்த்து, நெற்றியிலும் கன்னத்திலும் பிளாஸ்டர் ஒட்டுங்கள். குவளை கண்ணைத் தொடவே கூடாது. உள்ளே பஞ்சோ துணியோ வைக்காதீர்கள். அழுத்தினால் கண்ணுக்குள் இருப்பது வெளியே வரும். பிள்ளை கையால் தேய்க்காதபடி மடியில் உட்கார வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், படுக்க வைக்க வேண்டாம்.

சோறு, பால், மைலோ எதுவும் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுத்துத் தைக்க வேண்டியிருந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அறுவைக்கு மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். கடைசியாக எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டான் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள், டெட்டானஸ் ஊசியின் தேதியைக் கேட்பார்கள்.

எங்கே போவது? இதற்குக் கண் அறுவை செய்யக் கூடிய இடம் வேண்டும். உங்களுக்குப் பக்கம் ஈப்போவில் உள்ள ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனை, சுமார் 30 கிலோமீட்டர். வண்டி இல்லையென்றால் ஆம்புலன்சுக்கு 999. டிரசர் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள், அவர் முன்கூட்டியே மருத்துவமனைக்குத் தகவல் கொடுக்கலாம். ஆனால் அவர் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தபோது பூனை கீறிவிட்டது. லென்ஸ் பாதுகாத்திருக்கும் அல்லவா? வேலைக்கு லென்ஸ் போட்டுக்கொண்டு போகலாமா?
— வாசகி, ஈப்போவில் வேலை செய்பவர்

பதில்: லென்ஸ் கேடயமாகாது, தங்கச்சி. நகம் லென்ஸையும் கிழித்துக் கண்ணையும் கீறலாம். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு லென்ஸை எடுங்கள், கிழிந்த துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். லென்ஸையும் அதன் டப்பாவையும் இரண்டையுமே தூக்கி எறியுங்கள்.

லென்ஸ் போடுபவர்களின் கண்ணில் சூடோமோனாஸ் என்ற கிருமி குடியிருக்க வாய்ப்பு அதிகம். கீறல் கிடைத்தால் அது ஓரிரு நாளில் கருவிழியைக் கரைத்துவிடும். குளோராம்ஃபெனிகால் அதற்கு வேலை செய்யாது. சிப்ரோஃபிளாக்சசின், லெவோஃபிளாக்சசின் வகைச் சொட்டு வேண்டும். ஆகவே கிளினிக்கில் நுழைந்ததும் முதல் வாக்கியமாக, "நான் லென்ஸ் போடுகிறவள்" என்று சொல்லுங்கள். சொட்டு முடிந்து, மறுபடி சாயம் போட்டுப் பார்த்துப் பச்சை இல்லை என்று சொல்லும்வரை மூக்குக் கண்ணாடிதான்.

கேள்வி: நாய் என் மகனின் முகத்தை நக்கியதில் எச்சில் கண்ணுக்குள் போய்விட்டது. காயம் இல்லை. வெறிநோய் வருமா?
— வாசகர், தாமான் குடியிருப்பு

பதில்: கண்ணின் உட்சவ்வில் எச்சில் படுவதை உலகச் சுகாதார நிறுவனம் மூன்றாம் வகைத் தொடர்பாகவே கணக்கில் எடுக்கிறது, அதாவது கடிக்குச் சமம். ஆனால் அது வெறிநோய் உள்ள நாய்க்குப் பொருந்தும். உங்கள் வீட்டிலேயே வளர்ந்து, ஊசி போட்டு, நன்றாகத் தின்று ஓடும் நாய் என்றால் கழுவிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

தெருநாய், அண்மையில் வாங்கி வந்த நாய், நடத்தை மாறிய நாய் என்றால் விளையாட்டில்லை. நம் நாட்டில் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017 முதல் சரவாக்கிலும் வெறிநோய் வந்தது. கண்ணை 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணுக்குள் சோப்பு வேண்டாம், முகத்துக்கு மட்டும் சோப்பு. அன்றே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள். நோய்க்குறி தெரிந்த பிறகு ஊசியால் பயன் கிடையாது. நாயைக் கொன்றுவிடாதீர்கள், கட்டி வையுங்கள். 10 நாள் உயிரோடு நலமாக இருந்தால் அன்றைக்கு அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள்.

கேள்வி: நாய்ப் பல் பட்டு இமை ஓரம் மூக்குப் பக்கம் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. பிளாஸ்டர் ஒட்டினால் சேர்ந்துகொள்ளுமா?

பதில்: தோல் சேரும், கண்ணீர்க் குழாய் சேராது. இரண்டு இமைகளின் உள்மூலையிலும் ஊசித் துளை போல் ஒரு புள்ளி இருக்கும். அங்கிருந்துதான் கண்ணீர் மூக்குக்கு வடிகிறது. கிழிசல் அந்தப் புள்ளிக்கும் மூக்குக்கும் நடுவே இருந்தால் குழாய் அறுந்திருக்கலாம். நூல் மாதிரி மெல்லிய சிலிக்கோன் குழாயை உள்ளே விட்டுத் தைப்பார்கள். ஓரிரு நாளுக்குள் செய்தால் நல்லது. விட்டுவிட்டால் ஆயுள் முழுக்கக் கண்ணீர் கன்னத்தில் வழியும். காயத்தைச் சுற்றி சோப்புத் தண்ணீரால் 15 நிமிடம் கழுவிவிட்டுப் போங்கள். பிய்ந்த தோல் துணுக்கு கிடைத்தால் உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றிப் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டுபோங்கள். நாய்ப் பல், பூனைப் பல் காயத்துக்கு வாய்வழி ஆன்டிபயாட்டிக்கும் டெட்டானஸ் விசாரிப்பும் கட்டாயம்.

கேள்வி: 2 மாதத்துக்கு முன் பூனை கீறி, ஆறிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது சில நாள் விடியற்காலையில் கண்ணைத் திறந்ததும் அதே இடத்தில் சுரீரென்று வெட்டுகிறது. மதியத்துக்குள் சரியாகிவிடுகிறது. மனப்பிரமையா?
— பால் வெட்டும் வாசகர்

பதில்: பிரமை இல்லை, ஐயா. நகம், செடி, காகிதம் இவற்றால் வரும் கீறலுக்குப் பின் அடிக்கடி நடப்பதுதான். மேல்தோல் சில நாளில் மூடிக்கொண்டாலும், அடியில் உள்ள படலத்தோடு ஆணி அடித்தது போல் பிடித்துக்கொள்ளப் பல வாரம், சில சமயம் மாதங்கள் ஆகும். தூக்கத்தில் கண் காய்ந்து இமை அந்தத் தோலில் ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் சட்டென்று விழித்ததும் இமை தோலைப் பிய்த்துக்கொண்டு எழுகிறது. 4 மணிக்கு அலாரம் அடித்து எழுகிறவர்களுக்கு இது இன்னும் மோசம்.

படுக்கும்போது மருந்து கலக்காத கண் வழுவழுப்புக் களிம்பை, அரிசி மணி அளவு, கீழ் இமைக்குள் வையுங்கள். வலி நின்ற பிறகும் 2 முதல் 3 மாதம் விடாமல். பலர் இரண்டு வாரத்தில் நிறுத்திவிட்டு மறுபடி வந்துவிட்டது என்பார்கள். காலையில் கண்ணைத் திறப்பதற்கு முன் மூடிய நிலையிலேயே உள்மூலையில் செயற்கைக் கண்ணீர் ஒரு சொட்டு விட்டு, இமைக்குள்ளேயே கண்ணை இடமும் வலமும் மெதுவாக உருட்டுங்கள். பிறகு திறங்கள். மின்விசிறி முகத்துக்கு நேராக வேண்டாம். இதற்கும் அடங்காவிட்டால் கண் மருத்துவர் காயத்துக்குக் கட்டுப் போல் காக்கும் கட்டு லென்ஸ் வைப்பார், அல்லது ஊசிமுனையாலோ லேசராலோ தோலை ஒட்ட வைப்பார்.

கேள்வி: பூனை கீறி 10 நாள் ஆகிறது. மகனுக்கு ஒரு கண் மட்டும் சிவந்திருக்கிறது, அதே பக்கம் காதுக்கு முன்னால் ஒரு கட்டி. பூனையைக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டுமா?

பதில்: ஒரு கண் சிவப்பு, காதுக்கு முன் நெறி, கொஞ்சம் காய்ச்சல், வீட்டில் குட்டிப் பூனை. இந்த நான்கும் சேர்ந்தால் பூனைக்கீறல் நோய் என்று மருத்துவர் சந்தேகிப்பார். பார்டோனெல்லா என்ற கிருமி தெள்ளுப்பூச்சியின் கழிவில் இருக்கிறது. பூனை சொறிந்துகொள்ளும்போது நகத்தில் ஏறுகிறது. பெரும்பாலும் தானாகவே அடங்கும், தேவைப்பட்டால் அசித்ரோமைசின் கொடுப்பார்கள். பார்வை மங்கினால் மட்டும் தாமதிக்காதீர்கள், அரிதாக விழித்திரை வரை போகும்.

பூனையை விரட்ட வேண்டாம், தெள்ளை விரட்டுங்கள். நனைத்த வெள்ளைக் காகிதத்தின் மேல் பூனையைச் சீவிவிடுங்கள். விழும் கறுப்புத் தூள் சிவப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு. நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் தெள்ளுக்கு ஓய்வுக் காலமே இல்லை, ஆகவே மாதம் தவறாமல் மருந்து போட வேண்டும். பூனைக்கு என்று எழுதிய மருந்து மட்டும். நாய்க்குரிய பெர்மெத்ரின் மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

நகம் 2 அல்லது 3 வாரத்துக்கு ஒரு முறை. தூங்கி எழுந்த சோம்பலில் மடியில் வைத்து, பாதத்தின் மெத்தையை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்த நாளம். அதற்கு முன்னால் 2 மில்லிமீட்டர் விட்டு வளைந்த நுனியை மட்டும் வெட்டுங்கள். முன்கால்களில் ஐந்தைந்து, பின்கால்களில் நான்கு நான்கு. முன்காலின் பெருவிரல் நகம் தரையில் தேயாது, கொக்கி போல் வளரும், கண்ணில் மாட்டுவதும் அதுதான். அதை மறந்துவிடாதீர்கள். ரத்தம் வந்தால் சோள மாவைத் தொட்டு அழுத்துங்கள்.

கேள்வி: கொல்லையில் நாகம் எங்கள் நாயின் கண்ணில் விஷத்தைத் துப்பிவிட்டது. மனிதர்களுக்கான சொட்டு போடலாமா?

பதில்: நம் தோட்டங்களில் திரிவது விஷம் துப்பும் நாகம்தான். முதலில் பாம்பு போய்விட்டதா என்று பாருங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு நாயிடம் போங்கள். ரப்பர்க் குழாயில் மெதுவாகத் தண்ணீர் விட்டு 15 முதல் 20 நிமிடம் கழுவுங்கள். ஒருவர் தலையைப் பிடிக்க, ஒருவர் இமையை விரிக்க வேண்டும். மனிதருக்கான சொட்டு வேண்டாம், அதில் ஸ்டீராய்டு இருந்தால் வெந்த கருவிழி ஓட்டையாகிவிடும். நாயின் ரோமத்தில் ஒட்டிய விஷம் உங்கள் கண்ணுக்கு வரும், கையைக் கழுவாமல் முகத்தைத் தொடாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் போகும் வழியில் நாய் காலால் கண்ணைச் சொறியாமல் இருக்க, ஒரு பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி எடுத்துவிட்டுக் கழுத்தில் மாட்டிவிடுங்கள்.